சஹானா படிக்காமல் விட்ட அத்தியாயம்

கையில இருக்கிற இந்தக் கதைப் புத்தகத்த எழுதுன அம்மாவ ஒரு தடவ நேர்ல பாக்கணும். சண்டைக்கு இல்ல. உக்கார வச்சு, ஒரு காப்பி வாங்கிக் குடுத்து, தாயே, முன்னூறு வருஷமா சாகாம இருக்கிற ஒரு பய எதுக்கும்மா கொடைக்கானல் காலேஜுல தாவரவியல் மொத வருஷம் சேர்றான், முன்னூறு வருஷத்துல ஒரு டிகிரிய முடிக்க முடியலையா அவனுக்கு, அப்படின்னு கேக்கணும். பேரு ஆதிரன். பச்சைக் கண்ணு. ராத்திரியில ரத்தம் குடிப்பான், அதுவும் கெட்டவங்க ரத்தம் மட்டும்தான் குடிப்பான், பகல்ல கேன்டீன்ல உக்காந்து ஜன்னலையே பாத்துட்டிருப்பான். அவன் பாக்குற ஜன்னல் வழியா ஒரு பொண்ணு போவா, இதழி. இதழிக்கு இதயத்துல வியாதி, வருஷம் திரும்புறதுக்குள்ள போயிருவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவ மயங்கி விழுவா, விழுற எடத்துல எல்லாம் அவன் கரெக்டா நிப்பான். எனக்கு மொத மொத மயக்கம் வந்தப்ப பக்கத்துல நின்னது என் பொண்டாட்டி லூர்து. அவ என்னைத் தாங்கிப் பிடிக்கல, கண்ணாடி டீப்பாய இழுத்து நகத்தினா. அதுதான் குடும்பம். ஆதிரனுக்கு அந்தப் பொண்ணோட ரத்தம் மட்டும் தனியா மணக்குமாம், மல்லிப்பூ மாதிரி. என் ரத்தம் இதோ கண்ணு முன்னாடி ஓடுது. இடது கையில ரெண்டு ஊசி, ஒண்ணு வழியா வெளிய போகுது, மெஷின்ல சுத்தமாகி இன்னொண்ணு வழியா உள்ள வருது, நாலு மணி நேரம், வாரத்துக்கு மூணு தடவ. கிட்னி ரெண்டும் நின்னுபோனவனோட ரத்தம். மல்லிப்பூவும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, டெட்டால் வாசனைதான் வருது. இந்த ஹால்ல இத்தன பேரு ரத்தத்த வெளிய விட்டுட்டுப் படுத்திருக்கோம், ஒரு பச்சைக் கண்ணனும் எட்டிப் பாக்கல பாரு.

இத அப்படியே சஹானாகிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். பஸ்ல வரும்போதே வாயில ரெடி பண்ணிட்டு வந்தேன். சஹானா சிரிப்பா, சிரிச்சா கழுத்துல இருக்கிற டியூப் இழுக்கும், 'அங்கிள், சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது'ன்னு சொல்லிட்டே இன்னும் சிரிப்பா. பக்கத்து பெட் அவளோடது. பன்னெண்டாவது படிக்கிற பொண்ணு, லால்குடியிலேர்ந்து அம்மா கூட வரும். நான் வந்து படுக்கிறப்ப அந்த பெட்ல விரிப்பு இல்ல. ரெக்ஸின் மட்டும் துடைச்சுப் போட்டிருந்தாங்க, மெஷின் அணைஞ்சு சுவத்தப் பாத்துத் திருப்பி நிறுத்தியிருக்கு. நான் கேக்கவே இல்ல. டெக்னீசியன் ரபீக் ஊசி குத்துறதுக்காக என் கையத் தடவிப் பாத்துட்டு, குனிஞ்ச தலைய நிமிராமலே, 'சஹானாவ காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்க சார்'னான். நான் சரின்னேன். அவ்வளவுதான். நல்ல பையன் ரபீக், ஊசி குத்துறதே தெரியாது, ஆனா அன்னைக்கு, அன்னைக்கு என்ன அன்னைக்கு, இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி, குத்துன ஊசி வலிச்சுச்சு. காலை ஷிப்ட். துறையூர் ரைஸ்மில்காரர் போனப்பவும் காலை ஷிப்டுதான். எப்பவும் முறுக்கு ஒளிச்சுத் தின்னுட்டுத் திட்டு வாங்குவாங்களே அந்த டீச்சரம்மா, அவங்களும் காலை ஷிப்ட். இங்க யாரும் போறதில்ல, மாறுறாங்க. திருப்பி யாரும் கேக்கிறதும் இல்ல, அது இங்க ஒரு மரியாத. கேட்டா பாவம் டெக்னீசியன் பையன் என்ன சொல்லுவான், சின்ன வயசு, அவனுக்கும் வீடு வாசல் இருக்கு. ஆனா ஒரு தடவ நெசமாவே மாறியிருந்தாரு ஒருத்தர். பேங்க்காரர், தனபால்னு பேரு. காலை ஷிப்டுன்னாங்க, நாங்க எல்லாரும் மனசுக்குள்ள மாலை போட்டு முடிச்சிட்டோம். ஒரு நா திடீர்னு மதியம் வந்து நின்னு, 'என்னங்கய்யா எல்லாரும் பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க'ன்னாரு. அப்படியும் நடந்திருக்கு. சஹானாவுக்கும் பரீட்சை நேரம். காலையில டியூஷன் இருக்கும்னா மதியம் மாத்துவாங்க, மதியம் டியூஷன்னா காலைக்கு மாத்துவாங்க. மாத்தலாம். ஏன் மாத்தக் கூடாது.

தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. தலையத் தூக்கிப் பாத்தாப் போதும். ரத்தத்த வடிகட்டுற அந்த உருளை இருக்கே, டயலைசர், அது ஆளுக்கு ஒண்ணு. முடிஞ்சதும் கழுவி, மருந்து ஊத்தி, டப்பாவுல போட்டு, மேல வெள்ள பிளாஸ்டர்ல பேரு எழுதி ஒட்டி, கழுவுற ரூம் ஷெல்ப்ல வரிசையா வைப்பாங்க. அடுத்த தடவ வரும்போது அதே ஆளுக்கு அதே உருளை. ஷிப்ட் மாறினாலும் டப்பா மாறாது, அங்கயே இருக்கும். ஆளு இருக்கிற வரைக்கும் டப்பா இருக்கும். அந்த ரூம் கதவு எனக்கு நேரா, கால்மாட்டுப் பக்கம். ரபீக்கோ மத்த பையனோ உள்ள போறப்ப எல்லாம் கதவு தொறந்து தானா ஆடி ஆடி மூடும். அருளப்பன்னு என் டப்பா ரெண்டாவது தட்டுல. அதுக்கு வலது பக்கம் சஹானா. எழுத்துக்குப் பக்கத்துல அவளே பால்பாயிண்ட்ல ஒரு பூனை மூஞ்சி வரைஞ்சு வச்சிருப்பா, கழுவுறப்ப அழிஞ்சா மறுபடி வரைவா. வந்ததுலேர்ந்து நாலஞ்சு தடவ கதவு தொறந்துச்சு. நான் புத்தகத்தத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டேன். பாத்தா முடிஞ்சுபோகும். பாக்கலன்னா லால்குடியில உக்காந்து கரிம வேதியியல் படிச்சிட்டிருப்பா, சாயங்காலம் மோருக்கு அம்மாகிட்ட கெஞ்சுவா, எங்களுக்குத் தண்ணியே அளவுதான், அரை டம்ளருக்கு மேல கெடையாதுன்னு அம்மா சத்தம் போடும். போன தடவ அவளுக்குக் குளிர் வந்துச்சு. நடுவுல திடீர்னு பல்லு கிட்டிப்போய், பெட்டே ஆடுற மாதிரி நடுக்கம். கழுத்து டியூப் வச்சவங்களுக்கு சில சமயம் அப்படி வரும், காய்ச்சல் ஏறும். கம்பளி மேல கம்பளியாப் போட்டாங்க. தள்ளுவண்டியில வார்டுக்குக் கொண்டு போறப்ப கம்பளிக்குள்ளேர்ந்து, 'அங்கிள், கதைய முடிச்சிட்டு வந்து சொல்லணும்'னா. நான் கையக் காட்டினேன். வேற என்ன செய்ய, இன்னொரு கையில ஊசி.

அவ புத்தகம்தான் இது. வேதியியல்னு லேபிள் ஒட்டி, பழுப்பு அட்டை போட்டிருக்கா, அம்மாவுக்குத் தெரியாம இருக்க. தெரியாமலா இருக்கும், பெத்தவளுக்கு. இந்தப் பொண்ணுக்கு ஒரு பழக்கம், எந்தக் கதையா இருந்தாலும் கடைசி அத்தியாயத்தப் படிக்காது. யாராவது படிச்சு வாயால சொல்லணும். 'நானே படிச்சா முடிஞ்சிரும் அங்கிள். நீங்க சொன்னீங்கன்னா, நீங்க சொன்னதுதானே, இன்னும் மிச்சம் இருக்கும்'னா. என்ன லாஜிக்கோ. கல்யாண மண்டபம் மேனேஜரா இருக்கிறவன்கிட்ட போய் காதல் கதையக் குடுத்தா. உறையூர்ல இருபது வருஷம், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பாத்திருக்கேன். மாப்பிள்ளை ரூம்ல ஏசி ஓடலன்னு தாலி கட்டுறதுக்கு முந்துன ராத்திரி பொண்ணு வீட்டோட சண்டை போட்டவன், ரிசப்ஷன்ல ஜோடியா நின்னு சிரிச்சிட்டு ஆளுக்கு ஒரு கார்ல போனவங்க. என்கிட்ட போய் முன்னூறு வருஷக் காதலு. 'நீ வேணாப் பாரு, இது உருப்படாது'ன்னேன். 'படிச்சிட்டு திட்டுங்க அங்கிள், படிக்காம திட்டாதீங்க'ன்னா. படிச்சேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சு, பக்கத்துல திரும்பி அவகிட்ட திட்டிக்கிட்டே வந்தேன். அந்தத் திட்டுறதுல நேரம் போறதே தெரியல. ஆதிரன் மரத்துக்கு மரம் தாவுறான், சட்டை மட்டும் கசங்கல, யாரு இஸ்திரி போடுறான்னேன். 'முன்னூறு வருஷமா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான் போல'ன்னா. கெட்டிக்காரி. கடைசிக்கு முந்துன அத்தியாயத்துல கதை கொஞ்சம் நெசமாவே சூடு பிடிச்சுச்சு. இதழி ஆஸ்பத்திரியில கெடக்கா. அவன் கடிச்சா பொழைச்சிருவா, ஆனா அப்புறம் வெயில் கெடையாது, அம்மா கெடையாது, சாப்பாடு தண்ணி கெடையாது, சாவும் கெடையாது. கடிக்கலன்னா விடியறதுக்குள்ள போயிருவா. அவ யோசிக்கிறா. அதோட அத்தியாயம் முடியுது. 'நீங்களா இருந்தா அங்கிள்?'ன்னு கேட்டா சஹானா. தண்ணி கெடையாதுன்னா நமக்கு என்ன புதுசான்னேன் நான். அவ சிரிக்கல. 'எனக்கு அம்மா வேணும், ஆனா இருக்கவும் வேணும்'னா. அப்புறம் சொன்னா, 'முடிவு நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. இங்க எல்லாரும் பொய்தான் சொல்றாங்க.'

கதவு ஆடுது. புத்தகம். கடைசி அத்தியாயம். நாக்கு வறண்டு கெடக்கு, காலையில ஒரு ஐஸ்கட்டி வாயில போட்டதோட சரி. மண்டபத்துல ஜக்கு ஜக்கா தண்ணி எலையில ஊத்தித் தெளிச்சுக் கழுவுறத நின்னு பாத்துட்டே இருப்பேன், சனங்களுக்கு என்ன கொழுப்புன்னு தோணும். படி, அருளப்பா. விடியுது. ஜன்னல் வழியா வெளிச்சம். டாக்டர் ஓடி வர்றாரு. கையில பைல். மூச்சு வாங்குறாரு. சொல்றாரு, இதழி, உனக்கு ஒண்ணுமே இல்லம்மா, ரிப்போர்ட் மாறிப்போச்சு. அதே பேருல இன்னொரு பொண்ணு, அவளோட ரிப்போர்ட்ட உன்னோடதுன்னு நெனச்சிட்டோம். நான் திருப்பி மேலேர்ந்து படிச்சேன். ரிப்போர்ட் மாறிப்போச்சு. அதோட எல்லாரும் அழுறாங்க, சிரிக்கிறாங்க. அவ மயங்கி மயங்கி விழுந்ததுக்கு ரத்தசோகைதான் காரணமாம், பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்றாங்க. ஆதிரன் ஏதோ மலைக்கோயில் சுனையில முங்கி எந்திரிக்கிறான், மனுஷனா ஆயிடுறான், பச்சைக் கண்ணு கறுப்பாவுது. கல்யாணம். மண்டபத்துல. முடிஞ்சுது. பேரீச்சம்பழம். எங்க யாரையாவது அதத் தின்ன விடுவாங்களா, பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுரும். கேட்டுட்டு எழுதக் கூடாதா அந்த அம்மா. இல்ல, கோபம் அதுக்கு இல்ல. ரிப்போர்ட் மாறிப்போச்சுன்னு எழுதியிருக்காளே, அதுக்கு. இங்க படுத்திருக்கிற ஒவ்வொருத்தனையும் எழுப்பிக் கேளு, ரிப்போர்ட் மாறியிருக்கும்னு நம்பாதவன் ஒருத்தன் உண்டான்னு. எனக்கு மொத ரிப்போர்ட் வந்தப்ப நான் சிரிச்சேன். வேற அருளப்பன் இருப்பான், நம்ம பக்கம் அந்தோணியும் அருளப்பனும் தெருவுக்கு நாலு பேரு உண்டுன்னேன். தில்லைநகர் லேப்ல பாத்தேன், அதே நம்பர். கன்டோன்மென்ட்ல பாத்தேன், அதே நம்பர். மூணாவது லேபுக்கு லூர்து பேர்ல என் ரத்தத்தக் குடுக்கப் பாத்தேன், ஆள மாத்தினா வியாதி மாறும்ங்கற மாதிரி. அந்த லேப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துட்டு, நாற்காலியில உக்காருங்க சார்னுச்சு. அந்த நாற்காலியில உக்காந்துதான் எனக்குப் புரிஞ்சுது. சஹானாவும் செஞ்சிருப்பா. அவ அம்மா செஞ்சிருக்கும். கோயில் கோயிலா சீட்டுக் கட்டியிருக்கும், ரிப்போர்ட் மாறியிருக்கணும் தாயேன்னு.

அப்ப அந்த இன்னொரு பொண்ணு? இத்தன பக்கம் படிச்சதுக்கு இதுதான் மிச்சமா நிக்குது. அதே பேரு. அதே ஆஸ்பத்திரி. வியாதி அவளுக்குத்தான். அவகிட்ட போய் யாரு சொன்னாங்க? உனக்கு ஒண்ணுமில்லன்னு அவளுக்கு ரிப்போர்ட் குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கல்ல, அவ ஓடியிருப்பா, ஆடியிருப்பா, மோர் குடிச்சிருப்பா. அவளப் பத்தி ஒரு வரி இல்ல. பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன், இல்ல. எல்லாரும் கல்யாணத்துல இருக்காங்க, பாயசம் ஓடுது, அந்தப் பொண்ணு எங்கயோ ஒரு வீட்டுல மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கா, யாரும் போகல. சஹானா மொத கேள்வியே இதத்தான் கேப்பா, 'அங்கிள், அப்ப அந்தப் பொண்ணு?' என்ன சொல்லட்டும். மாத்திச் சொல்லலாம். அவன் கடிக்கல, இதழிதான் வேணாம்னுட்டா, அம்மா மடியில படுத்து விடியறதப் பாத்தா, அவ போனதுக்கப்புறம் அந்தப் பய ரத்த வாசனைய வச்சு ஊர் ஊராத் தேடி இன்னொரு இதழியக் கண்டுபிடிச்சான், குணமாக்க முடியல, சும்மா பக்கத்துல உக்காந்து கதை பேசிட்டிருந்தான், அவ்வளவுதான், அப்படின்னு சொல்லலாம். கேட்டா, 'நீங்களே எழுதியிருக்கலாம் அங்கிள்'னு சொல்லுவா. உடனே கண்டுபிடிச்சிருவா, பொய்யின்னு. பொய் சொல்லாதீங்கன்னுதானே கேட்டுக்கிட்டா. சரி, உள்ளதச் சொல்றேன். நல்லா இல்ல பாப்பா. ஏமாத்திட்டாங்க நம்மள. ரெண்டு பேரும் சேந்து திட்டுவோம், வா. சட்டப்பையில போன் இருக்கு. அவ அம்மா நம்பர் இருக்கு, சஹானா அம்மான்னு போட்டு வச்சிருக்கேன். வலது கை சும்மாத்தான் இருக்கு. அடிச்சு, என்னன்னு கேக்குறது? புத்தகத்த எங்க குடுக்கட்டும்னு கேக்கலாம். அது அழுதுச்சுன்னா? எடுக்கலன்னா? வேற யாராவது ஆம்பளை எடுத்து, யாருங்க, சொல்லுங்கன்னு அந்தக் குரல்ல, வீட்டுல கூட்டமா இருக்கிறப்ப பேசுவாங்களே, அந்தக் குரல்ல பேசினா? சேசுவே, எனக்குப் பயமா இருக்கு. என் சாவுக்கு இல்ல, அது பழகிப்போச்சு. அந்தப் பூனை மூஞ்சி ஷெல்ப்ல இருக்காதோன்னுதான். கெண்டைக்கால் இழுக்குது, மெஷின் ஒடம்புத் தண்ணிய எடுக்குற வேகத்துக்கு இழுக்கும். 'ரபீக், கால் இழுக்குது'ன்னேன். வந்து கால மடக்கிப் பிடிச்சான். என் மூஞ்சியப் பாக்கல.

அப்பத்தான் புதுசா ஒரு பேஷன்ட் அம்மாவக் கூட்டிட்டு வந்தாங்க. முப்பது முப்பத்தஞ்சு இருக்கும், சக்கர நாற்காலியில, கழுத்துல புதுசா டியூப் வச்ச கட்டு, கால் ரெண்டும் வீங்கி கொலுசு சதைக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. புருஷன வெளிய நிறுத்திட்டாங்க. பக்கத்து பெட்டுக்கு விரிப்புப் போட்டாங்க, மெஷினத் திருப்பினாங்க, சுவத்தப் பாத்துட்டிருந்தது எங்களப் பாத்துச்சு. மொத தடவ. தெரியும், அந்தக் கண்ணத் தெரியும், டியூப்ல ரத்தம் ஏறுறதப் பாக்கவும் முடியாது பாக்காம இருக்கவும் முடியாது. 'பேரு என்னம்மா?'ன்னு ரபீக் கேட்டான். 'பூங்கோதைங்க'ன்னுச்சு. பிளாஸ்டரக் கிழிச்சு, தொடையில வச்சு எழுதினான், ஒரு காலி டப்பாவுல ஒட்டினான், கழுவுற ரூமுக்குள்ள போனான். கதவு தொறந்து ஆடுது. புத்தகம் வயித்து மேல கவுந்து கெடந்துச்சு, தூக்குறதுக்கு நேரம் இருந்துச்சு, தூக்கல. ரெண்டாவது தட்டு. அருளப்பன். அதுக்கு வலது பக்கம் காலி, ஒரு டப்பா அளவுக்குக் காலி. ரபீக் அங்க வச்சான். பூங்கோதை. பூனை இல்ல. கதவு ஆடி ஆடி மூடிக்கிச்சு. என் மெஷின் ஓடிட்டே இருக்கு, உள்ள வர்ற ரத்தம் வந்துட்டே இருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகல, அதுதான் தாங்க முடியல. பாப்பா, முடிச்சிட்டேன். நல்லாவே இல்ல பாப்பா.

'அண்ணே'ன்னு கூப்பிட்டுச்சு பக்கத்துலேர்ந்து. கண்ணத் தொடச்சிட்டுத் திரும்பினேன். 'ரொம்ப வலிக்குமாண்ணே?' இல்லம்மா, பழகிரும்னேன். அப்புறம் கேட்டுச்சு, 'இந்தக் கட்டில்ல இதுக்கு முன்னாடி யாருண்ணே இருந்தாங்க?' ரபீக் அதோட கழுத்துக் கட்டுக்கிட்ட குனிஞ்சு டேப் ஒட்டிட்டிருந்தான், கை அப்படியே நின்னுச்சு. 'இங்க எல்லாரும் பொய்தான் சொல்றாங்க'ன்னு சஹானா சொன்னது காதுல கேக்குது. அந்தம்மா உதடு வெடிச்சு வெள்ளையா இருக்கு, என் பதிலுக்காகக் கண்ணச் சிமிட்டாமப் பாக்குது.

'ஒரு பொண்ணும்மா. பன்னெண்டாவது படிக்குது,'ன்னேன். 'காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்க.'

ரபீக் டேப்ப ஒட்டி, விரலால அழுத்தி விட்டான். அந்தம்மா மூச்சு விட்டுச்சு, தோள் தளர்ந்து தலகாணியில சாஞ்சுச்சு. மூஞ்சியில கொஞ்சம் தெளிவுகூட.

'எனக்கும் காலையில மாத்தித் தருவாங்களாண்ணே? பையன பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அப்படியே வந்துருவேன். நீங்க கொஞ்சம் சொல்லி விடுங்களேன்.'

புத்தகத்த மூடி வேதியியல் மேல கைய வச்சுக்கிட்டேன்.

'இப்ப என்னம்மா அவசரம்,'ன்னேன். 'மதியத்துலயே இரு. மதியந்தான் நல்லது.'